சாம்பிக் கோழி கேட்ட மூலை

அந்தக் காலத்தில் கோழிக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. கூப்பிட்டால் பதில் வரும். திட்டினால் திட்டும் திரும்பி வரும்.

தேரி என்று சொல்லும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரி பெயர் மாடத்தி. அவள் புருஷன் சங்கிலி பனை ஏறுகிறவன். அவர்கள் முற்றத்தில் ஒரு கோழிக்கூட்டம் இருந்தது. யாரும் பிடித்து வந்து கட்டி வளர்த்ததல்ல. தவிடும் சிந்திய கம்பும் கிடைக்கிறதென்று கோழிகள் தாமாகவே வந்து தங்கின. தங்கியதற்குக் கூலியாக வீட்டுக்கு முட்டை கொடுத்தன. அடைக்கு வேண்டியதை மட்டும் தமக்கென்று வைத்துக்கொண்டன.

கூட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. மாடத்தி தவிட்டைப் பிசைந்து சட்டியில் வைத்தால் முதலில் வாய் வைப்பது காரி. காரி கறுத்த பெட்டை, உடம்பும் பெரிது, வயதும் மூத்தது. அது தின்று நிமிர்ந்த பிறகுதான் அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. செவலைச் சேவல் ஒன்றும் இருந்தது. வானத்தைப் பார்ப்பதும் கூவுவதும் அதன் வேலை. பெட்டைகளின் வரிசையில் அது தலையிடாது.

வரிசையின் கடைசியில் நின்றது சாம்பி. சாம்பல் நிறம், மெலிந்த கழுத்து. யாராவது திரும்பிப் பார்த்தாலே தலையைத் தாழ்த்தி ஒதுங்கிவிடும். சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருப்பதுதான் அதற்கு மிஞ்சும். அதற்காகச் சாம்பி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பிறந்தது முதல் அப்படித்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அடை வந்த பெட்டை கூட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். வீட்டுக்குத் தெற்கே உடைமுள் அடர்ந்த காடு. அதற்குள் போய், முள்ளுக்கு அடியில் குழி பறித்து, அங்கேயே முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் கோழியான பிறகுதான் திரும்பி வரலாம். குஞ்சு இருக்கிற இடம் தேடிக் கீரி வரும், பாம்பு வரும். அந்த ஆபத்தை முற்றத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

காட்டில் பிறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை காட்டிலேயே போயின. ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து, தாயின் பின்னால் முற்றத்துக்கு வரும். அப்போதும் அவற்றுக்கு நல்ல காலம் பிறக்காது. முகம் தெரியாத கோழி வந்தால் கூட்டம் சும்மா விடாது. மண்டையைக் கொத்தி ரத்தம் பார்த்துத்தான் விடும். வந்த கோழியும் எதிர்த்து நிற்கும், ஏனென்றால் எங்கே தலை குனிய வேண்டுமென்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பாதி செத்துப்போகும், மீதி ஓடிப்போகும். இப்படியே வருஷத்துக்கு வருஷம் கூட்டம் சிறுத்துக்கொண்டு வந்தது.

காரியும் ஒருமுறை காட்டுக்குப் போயிருந்தது. போனபோது வயிறு நிறைய முட்டையோடு போனது. திரும்பும்போது தனியாக வந்தது. அங்கே என்ன நடந்தது என்று அது சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு கார்காலத்தில் சாம்பிக்கு அடை வந்தது. நெஞ்சு சுட்டது. வயிற்று இறகு தானாக உதிர்ந்தது. எங்கே உட்கார்ந்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

காரி வந்து பார்த்தது. "ஏட்டி, உனக்கு அடை வந்திருக்கு."

"ஆமாக்கா."

"அப்போ கெளம்பு."

"சரிக்கா" என்று சாம்பி கிளம்பியது.

வெயில் சாயும் நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. நேரே வீட்டின் பின்பக்கம் போயிற்று. மாடத்தி உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு மூலை வேணும்."

"என்னத்துக்கு?"

"அடைக்கு உக்காரணும்."

மாடத்தி உலக்கையை நிறுத்தினாள். "அடைக்காரி காட்டுக்குல்லா போவா?"

"போனேன். முள்ளுக்கு அடியில உடும்பு படுத்திருக்கு. என்னைய ஒண்ணும் செய்யல. எந்திரிச்சு வழிகூட விட்டுச்சு. 'வா தாயி, எப்பம் முட்டை வைக்கப் போறே'ன்னு கேட்டுச்சு."

மாடத்தி உலக்கையைச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு, "தொழுவத்துக்குப் பின்னால வாய் உடைஞ்ச பானை ஒண்ணு சரிஞ்சு கெடக்கு. எடுத்துக்க. மணல் அள்ளிப் போட்டுத் தாரேன். ஆனா ஒண்ணு, உங்க கூட்டத்து வழக்கத்துல நான் வாய் குடுக்க மாட்டேன். காரி வந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

"சொல்லுதேன்."

அன்று சங்கிலி வீட்டுக்கு வந்ததும் மாடத்தி நடந்ததைச் சொன்னாள். அவன் காலில் ஒட்டியிருந்த பனஞ்செதிலைத் தட்டிக்கொண்டே, "முத்தத்துக்குள்ள சண்டைய இழுத்துட்டு வாரே நீ" என்றான்.

"அவ கேட்டா. குடுத்தேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீய?"

சாம்பி பானைக்குள் மணலில் உட்கார்ந்தது. தன் முட்டைகளை அங்கேயே இட்டு, அவற்றின்மேல் படுத்தது. காரி அதைத் தேடி வந்தது. பானை வாயில் நின்று உள்ளே பார்த்தது.

"என்ன, இங்க இருக்க?"

"இங்கயே இருந்துக்கிடுதேன்க்கா."

"எல்லாரும் போயிருக்கோம்."

"ஆமாக்கா."

"நான் போனேன்."

சாம்பி தலையைத் தாழ்த்தியது. "தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

காரிக்கு அது புதிது. தான் வந்து நின்ற இடத்தில் ஒரு கோழி எழுந்து நகராமல் இருந்தது அதுவரை நடந்ததில்லை. "உன் குஞ்சு இந்த முத்தத்துல கால் வச்சா எனக்கு அது அசலூர்க் கோழிதான். பொறவு என்னைய ஒண்ணும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அடை நாட்களில் சாம்பி இன்னும் மெலிந்தது. மற்றக் கோழிகள் தின்று முடித்த பிறகு எழுந்து வரும். சட்டியில் கிடைப்பதைக் கொத்தும். அவசரமாகத் தண்ணீர் குடிக்கும். முட்டை ஆறிவிடுமென்று ஓடிப்போகும். மாடத்தி பானைக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தாள். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. சாம்பி தணிந்த குரலில் அவற்றுக்குப் பதில் சொன்னது. தொழுவத்தின் பின்னால் கிளறிக்கொண்டிருந்த பெட்டைகள் அந்தப் பேச்சைக் கேட்டன. முட்டைக்குள்ளிருந்து குரல் வருவதை அவற்றில் பாதிக்குமேல் கேட்டதே இல்லை. ஒன்று மற்றொன்றைப் பார்த்தது. பிறகு ஒன்றும் கேட்காததுபோலக் கிளறின. ஆனாலும் அந்த இடத்தை விட்டு விலகிப் போகவில்லை. காரி மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை.

குஞ்சுகள் பொரிந்து, ஈரம் காய்ந்து, கால் ஊன்றிய பிறகு சாம்பி அவற்றைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தது. கிளறிக்கொண்டிருந்த கோழிகள் எல்லாம் நின்றுவிட்டன. குஞ்சுகளுக்கு வரிசை தெரியாது. அதில் ஒன்று, முதுகில் கோடு போட்ட மஞ்சள் குஞ்சு, கால் போன போக்கில் ஓடித் தவிட்டுச் சட்டிக்குள் ஏறிவிட்டது. காரி அப்போதுதான் தின்றுகொண்டிருந்தது.

காரி ஒரே கொத்தாகக் கொத்தியது. குஞ்சு உருண்டு மண்ணில் விழுந்தது. உச்சந்தலையில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

அதற்குப் பிறகு சாம்பி செய்ததை அந்தக் கூட்டம் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தது. அது கத்தவில்லை. உடம்பிலுள்ள இறகெல்லாம் சிலிர்த்து நிமிர்ந்தன. இருந்ததைப்போல இரண்டு மடங்கு ஆனது. இறக்கை இரண்டையும் தரையில் உரசிக்கொண்டு நேராகக் காரியின் முகத்தில் பாய்ந்தது. காரி திருப்பிக் கொத்தியது. சாம்பியின் கொண்டை கிழிந்தது. கிழிந்ததை அது கவனித்ததாகவே தெரியவில்லை. மறுபடியும் பாய்ந்தது. காரி எத்தனையோ சண்டை போட்டிருக்கிறது. அடிபட்ட கோழி பின்வாங்கும், அத்தோடு சண்டை முடியும் என்பதுதான் அது கண்டது. இந்தக் கோழி பின்வாங்கவில்லை. கடைசியில் காரிதான் சட்டியை விட்டு இறங்கி நாலடி தள்ளிப்போய் நின்றது.

மாடத்தி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கீழே கிடந்த குஞ்சைக் கையில் எடுத்தாள். "ஐயோ, மண்டையப் பொளந்துட்டாளே. இத நான் உள்ள கொண்டு போய் மஞ்சப் பத்துப் போட்டுக் கூடைக்குள்ள வச்சிருக்கேன்."

"கீழ விடும்மா" என்றது சாம்பி. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இங்க கெடந்தா கொன்னுருவாளுவ."

"எவ்வளவு நாளைக்கு நீங்க வச்சிருப்பிய? வளந்து வெளிய வந்தா அப்பவும் இதுங்களுக்கு அது அசலூர்க் கோழிதான். இங்கயே கெடக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

மாடத்தி மனசில்லாமல்தான் கீழே விட்டாள். குஞ்சு தடுமாறிப் போய்த் தாயின் காலடியில் நின்றது.

சட்டியில் தவிடு அப்படியே இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. சாம்பி பிறந்தது முதல் அப்படி ஒரு சட்டியைப் பார்த்ததில்லை. அது வாய் வைக்கும் என்று எல்லாம் காத்திருந்தன. சாம்பி தவிட்டில் கிடந்த ஒரு கம்பு மணியை எடுத்தது. தின்னவில்லை. கீழே போட்டது. "கொக், கொக்" என்று கூப்பிட்டது. குஞ்சுகள் ஓடிவந்து கொத்தின. மறுபடி ஒன்றை எடுத்தது, கீழே போட்டது.

செவலைச் சேவல் தொண்டையைச் செருமியது. "அப்படின்னா இனி முதல் எடம் சாம்பிக்கா?"

"எனக்கு எடம் வேண்டாம் அண்ணாச்சி" என்றது சாம்பி. "இதுங்க திங்கணும். அவ்வளவுதான். நான் எப்பவும்போலக் கடைசியில தின்னுக்கிடுதேன்."

தள்ளி நின்ற காரி பேசியது. கோபம் இருந்ததா என்று அதன் குரலில் தெரியவில்லை. "சரி. குஞ்சு குஞ்சா இருக்கிற வரைக்கும் உன் பேச்சு. உன் பக்கத்துல நாங்க யாரும் வரமாட்டோம். ஆனா அதுங்களுக்கு றெக்கை வந்த பொறவு? உன் பின்னால ஒரு பட்டாளம் நிக்கும். அது உன் பேச்சத்தான் கேக்கும். எங்களுக்குள்ள ரெண்டு கூட்டம் ஆயிரும். அதனால வளந்த அன்னைக்கு நீயே அதுங்கள வெலக்கி விடணும். அதுங்க எங்களோட நிக்கணும், உன்னோட இல்ல."

"வெலக்கிவிடுதேன்க்கா" என்றது சாம்பி. எப்படி என்று அது அப்போது யோசிக்கவில்லை. குஞ்சுகள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் நுழைந்து இடித்துக்கொண்டிருந்தன.

அதுமுதல் குஞ்சுகள் கூட்டத்துக்கு நடுவிலேயே வளர்ந்தன. கரையான் புற்றைக் கிளறினால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்த மண்ணில் புரண்டால் பேன் போகும், எந்தப் பெட்டைக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டன. பெரிய கோழி ஒன்று முறைத்தால் தலையைத் தாழ்த்தி ஒதுங்கப் பழகின. ஒதுங்கினால் அது கொத்தாமல் போய்விடும் என்றும் கண்டுகொண்டன. யாராவது எல்லை மீறினால் சாம்பி சிலிர்த்து நிற்கும். சிலிர்ப்பைப் பார்த்தே மற்றவை விலகிவிடும். கொத்துப்பட்ட குஞ்சு பிழைத்துக்கொண்டது. உச்சந்தலையில் மட்டும் இறகு முளைக்கவில்லை. அதனால் எல்லாம் அதைச் சொட்டை என்று கூப்பிட்டன.

ஒருநாள் நண்பகலில் சேவல் திடீரென்று குரல் கொடுத்தது. "பருந்து! பருந்து!" கோழிகள் சிதறி மரத்தடிக்கும் தொழுவத்துக்கும் ஓடின. சாம்பி முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. சொட்டை மட்டும் இந்தப் பக்கம் தனியாக மாட்டிக்கொண்டது. தாயிடம் ஓட வழியில்லை. நிழல் தரையில் பெரிதாகிக்கொண்டு வந்தது. சொட்டை பக்கத்திலிருந்த கால்களுக்கு நடுவே போய் நுழைந்துகொண்டது.

அது காரியின் கால்.

காரி விறைத்துப்போய் நின்றது. தொழுவத்துக்குள் ஓடியிருக்கலாம், ஓடவில்லை. குஞ்சை உதறியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. நிழல் தலைக்கு மேல் வந்தபோது அதன் உடம்பு மெல்லத் தாழ்ந்து மண்ணைத் தொட்டது. பருந்து பெரிய கோழியோடு மல்லுக்கு நிற்க விரும்பாமல் வட்டம் போட்டுவிட்டுப் போயிற்று.

பருந்து போன பிறகு சொட்டை வெளியே வந்து இறகை உதறியது. "பெரியம்மா, உங்க வயிறு ரொம்பச் சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாயிடம் ஓடியது. மற்ற கோழிகள் வெளியே வந்து மறுபடி கிளறத் தொடங்கின. காரி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மழை முடிந்தது. குஞ்சுகளுக்கு இறகு வந்தது. கத்தும் குரல் மாறியது. ஆனால் அவை இன்னும் சாம்பியைச் சுற்றியே திரிந்தன. இருட்டி அடையும் நேரத்தில் இறக்கைக்குள்ளே இடம் போதாமல் அதன் முதுகில் ஏறி நின்றன. சாம்பி தீனியை வாயில் எடுத்தால் பிடுங்கித் தின்றன. சாம்பிக்கு நெஞ்செலும்பு தெரிந்தது. கழுத்தில் இறகு உதிர்ந்துகொண்டிருந்தது.

காரி அதன் பக்கத்தில் வந்து மண்ணைக் கிளறுவதுபோல நின்றது. "நாள் வந்திருச்சு."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்க்கா."

"நீ சொன்ன சொல்லுக்காக நான் வரல. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேணும்னா இப்படியே இருக்கட்டும்." காரி ஒரு புழுவைக் கொத்தி விழுங்கியது. "ஆனா றெக்கை வந்த பொறவு அதுங்க குனியறத மறந்துட்டு, உன் முதுகுக்குப் பின்னால இருந்துக்கிட்டு எல்லாரையும் எதிர்க்குது. நேத்து சொட்டை எம்மேலயே பாய வந்தா. உனக்காகத்தான் விட்டேன். நீ இல்லாத அன்னைக்கு யாரு விடுவா? முதல் கொத்து யாராவது கொத்தித்தான் ஆகணும் சாம்பி. நாங்க கொத்துனா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். நீ கொத்துனா உயிர் போகாது."

அன்று முழுவதும் சாம்பி தின்னவில்லை.

மறுநாள் காலை மாடத்தி தவிட்டுச் சட்டியை வைத்தாள். பெரிய கோழிகள் தின்ன ஆரம்பித்தன. சொட்டை வழக்கம்போலத் தாயின் அலகுக்குக் கீழே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

சாம்பி அதன் கழுத்தில் கொத்தியது. இறகு நன்றாக அடர்ந்திருந்த இடமாகப் பார்த்துத்தான் கொத்தியது.

சொட்டை துள்ளி விலகியது. தவறிப் பட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டு மறுபடியும் வந்தது. சாம்பி மறுபடி கொத்தியது. இந்தமுறை பலமாகக் கொத்தியது. ஓர் இறகு பிய்ந்து காற்றில் போயிற்று.

"அம்மா, நான்தான்" என்றது சொட்டை.

"தெரியும்" என்றது சாம்பி. மறுபடியும் கொத்தியது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கொத்தியது. பக்கத்தில் வந்ததைத் துரத்தியது. கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கூரையோரம் போய் ஒண்டியதையும் விடாமல் போய் விலக்கியது. குஞ்சுகள் கொஞ்ச நேரம் சேர்ந்து நின்று கத்தின. யாரும் வரவில்லை. வெயில் ஏறியது, பசித்தது. கடைசியில் சொட்டை மெதுவாகச் சட்டியை நோக்கி நடந்தது. பெட்டை ஒன்று திரும்பி முறைத்தது. சொட்டை தலையைத் தாழ்த்திக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றது. முறைத்த பெட்டை தன்பாட்டுக்குத் தின்னத் திரும்பியது. பிறகு மற்றவையும் வந்து நின்றன. அன்று அந்த முற்றத்தில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

மாடத்தி பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடி பாவி, அதுக்கா இந்தப் பாடு பட்டே? பெத்த புள்ளையக் கொத்த ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றாள்.

சாம்பி தொழுவத்தின் பக்கம் போய், மண்ணைப் பறித்து, கண்ணை மூடிக்கொண்டு அதில் புரண்டது. கொஞ்ச நாளில் அதற்கு உதிர்ந்த இறகெல்லாம் முளைத்தன. மறுபடி முட்டையிட ஆரம்பித்தது. சொட்டை எதிரில் வந்தால் மற்றக் கோழிகளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது. சொட்டையும் அப்படித்தான் பார்த்தது.

அடுத்து அடை வந்த பெட்டையிடம் காட்டுக்குப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது நேராகப் பானையைத் தேடிப் போயிற்று. காரிக்கு மட்டும் பிறகு அடை வரவில்லை, வயதாகிவிட்டது. ஆனால் யாருடைய குஞ்சாவது தன் காலுக்குள் ஓடினால் அது நகராமல் நிற்கும்.

வரிசையின் கடைசியில் நிற்கிற கோழியானாலும், குஞ்சோடு இருக்கும்போது நாயென்றும் பருந்தென்றும் பாராமல் சிலிர்த்துக்கொண்டு பாய்வதும், அதே கோழி ஒருநாள் காலையில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் குஞ்சுகளைத் தானே கொத்தி விலக்குவதும், அன்று சாம்பி செய்ததிலிருந்து வந்ததுதான்.